பூச்சி பார்க்கும் பிள்ளைக்குப் பிழைப்பு உண்டா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மகளோடு வந்து, போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிய அம்மாவுக்கு,

வணக்கம். அன்று வெளியே ஆட்கள் காத்திருந்ததால் உங்களுக்குப் பாதி பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். இதே கவலையோடு இருக்கும் மற்றப் பெற்றோரும் படிக்கட்டும் என்பதால் உங்கள் பெயரைப் போடவில்லை.

“டாக்டராவாள் என்றுதான் பயாலஜி எடுக்க வைத்தோம். இவள் மாடியில் வேட்டியைக் கட்டி, பல்பைப் போட்டு, விட்டில் பூச்சி எண்ணிக்கொண்டிருக்கிறாள். இதற்கு யார் சார் சம்பளம் கொடுப்பார்கள்?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் ஒரு நோட்டை என் மேஜைமேல் வைத்தாள். அதை நீங்கள் கவனிக்கவில்லை.

உங்கள் வாசலில் நிற்கும் நந்தியாவட்டையில் அவள் கண்ட பச்சைப் புழுவைப் பற்றிய குறிப்பு அது. வால் பக்கம் சின்னக் கொம்பு, தலைக்குச் சற்றுப் பின்னால் கண்போல் இரண்டு நீலப் புள்ளிகள். தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது அந்தப் புள்ளிகள் விரிந்து முறைக்கும். ஆடுமாடு வாய் வைக்காத அரளியையும் தின்று கொழுக்கிற புழு இது. உங்கள் மகள் ஒவ்வொரு இலையையும் கிராஃப் தாளில் வைத்து ஓரம் வரைந்திருக்கிறாள். புழு தின்றபின் மிச்சத்தையும் வரைந்து, காணாமல் போன கட்டங்களை எண்ணியிருக்கிறாள். பதினோரு நாள். கடைசி மூன்று நாளில் தின்றது, அதற்கு முன்பு தின்ற மொத்தத்தையும் மிஞ்சிவிட்டது. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: “அரளி இலை கொடுத்தால் இதே அளவு தின்னுமா? இதே நாளில் வளர்ந்துவிடுமா?”

அம்மா, பூச்சி பிடிக்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். செடியை மாற்றினால் பூச்சிக்கு என்ன ஆகும் என்று கேட்கும் பிள்ளைகள் குறைவு. ஒரு பூச்சி எந்தச் செடியைத் தின்கிறது, அதை எது தின்கிறது, எப்போது பெருகுகிறது, எப்போது அடங்குகிறது என்பதைத்தான் பூச்சியியலார் வாழ்நாளெல்லாம் தேடுகிறார்கள்.

இதற்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் தென்னந்தோப்பில் இருந்தே சொல்கிறேன். தென்னையைத் தாக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016இல் இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பொள்ளாச்சியில். ஓலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக வட்டம், மேலே கரும்பூசணம். எத்தனையோ பேர் கடன் வாங்கி மருந்தடித்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் ஓலையைத் திருப்பிப் பார்த்தபோது, என்கார்சியா என்ற கண்ணுக்கு எட்டாத அளவு சிறிய குளவி அந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அதை அழிப்பது தெரிந்தது. மருந்தடித்தால் அந்தக் குளவியும் சாகும். அதனால்தான் மருந்தை நிறுத்துங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள் என்றார்கள். மருந்தடிக்க வேண்டாம் என்று உங்கள் மகள் அப்பாவோடு சண்டை போட்டதாகச் சொன்னீர்களே, குளவி வெளியேறிய வட்டத் துளைகளை அவள் லென்ஸ் வைத்து எண்ணிய பிறகு போட்ட சண்டை அது. நோட்டில் அதுவும் இருக்கிறது.

மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தலைகாட்டி, சேலம், நாமக்கல் வரை பரவியது. அதற்கு எதிரியான குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து பெருக்கி வயலில் விட்டது பெங்களூரில் இருக்கிற தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம். உங்கள் மகள் எண்ணும் விட்டில்களைப் போன்ற அந்துப்பூச்சிகளும் இப்படித்தான் காசு கணக்கில் வருகின்றன. தேக்கு இலையைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுவால் இளந்தோட்டங்களில் மரம் பருக்கும் அளவில் 44 சதவீதம் வீணாகிறது என்று அளந்து சொன்னது திருச்சூர் பக்கம் பீச்சி என்ற ஊரில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம். மரம் சாகாததால் அதுவரை அந்த நட்டம் பலருக்குத் தெரியவில்லை.

இனி படிப்பு. நீட் பயிற்சிக்குக் கட்டிய பணம் போயிற்றே என்றீர்கள். போகவில்லை. கேரளத்தில் பி.எஸ்சி. ஹானர்ஸ் வேளாண்மை, வனவியல் இரண்டுக்கும் நீட் மதிப்பெண் அடிப்படையில்தான் இடம் கொடுக்கிறார்கள். ஆனால் மாநில நுழைவுத் தேர்வு ஆணையரின் கீம் விண்ணப்பத்தையும் தனியாகப் போட்டிருக்க வேண்டும். இதைத் தெரியாமல் நல்ல மதிப்பெண்ணோடு வீட்டில் உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வருடம் முழுவதையும் தின்கிற தவறு. இன்றே தேதியைப் பாருங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆனால் நீங்கள் கேரளத்தில் வசிப்பதால் இருப்பிட விதியைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். மற்ற மாநில வேளாண் பல்கலைக்கழகங்களில் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு கியூட் என்ற தேசியப் பொது நுழைவுத் தேர்வு. அதைத் தமிழிலும் எழுதலாம்.

என் சிபாரிசு வேளாண்மைதான். நான்கு வருடப் படிப்பு முடிந்ததும் கிருஷிபவன் என்ற கேரள வேளாண் அலுவலகங்களில் அலுவலர் பதவிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு எழுதலாம், வங்கிகளில் வேளாண் அலுவலர் ஆகலாம். ஆராய்ச்சி வேண்டாம் என்று நடுவில் அவளுக்குத் தோன்றினாலும் கையில் வேலைக்கான பட்டம் இருக்கும். முதுகலையில் பூச்சியியல் எடுத்துக்கொள்ளலாம். காட்டுப் பூச்சிகள், பரிணாமம் என்று அவள் மனம் போனால், பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் விலங்கியல் படிக்கலாம், அல்லது திருவனந்தபுரம், திருப்பதியில் உள்ள ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் தகுதித் தேர்வை எழுதலாம். அந்த வழியில் போனால் முனைவர் பட்டம் வரை போயே ஆக வேண்டும்.

பணத்தை மறைக்காமல் சொல்கிறேன். முனைவர் பட்டம் முடியும்போது அவளுக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது ஆகலாம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. தொகை சில மாதம் தாமதமாக வருவதும் உண்டு. நிரந்தர வேலைக்குப் போட்டி கடுமை. சொந்தச் செலவில், உதவித்தொகை இல்லாமல் முனைவர் பட்டத்தில் சேர மட்டும் சம்மதிக்காதீர்கள்.

ராத்திரியில் காட்டில் பெண் பிள்ளை தனியாக நிற்பாளே என்று குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள். காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும், குழுவாகத்தான் போவார்கள். சேரும் முன்பே ஆய்வு நெறியாளரிடம் வண்டி, தங்குமிடம், உடன் வருபவர் பற்றி நேராகக் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் அவளைச் சேர்க்க வேண்டாம்.

அடுத்த விடுமுறையில் அவளைக் கோவைக்கு அழைத்துப் போங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்தை நீங்களும் கூடவே சுற்றிப் பாருங்கள், வெளியே உட்காராதீர்கள். அப்புறம், சமையலறை ஜன்னலில் அவள் மண் போட்டு வைத்திருக்கிற பழைய ஊறுகாய் பாட்டிலைக் கழுவிவிட வேண்டாம். அந்த நந்தியாவட்டைப் புழு உள்ளே கூட்டுப்புழுவாகக் கிடக்கிறது. வெளியே வர இரண்டு வாரம் ஆகலாம். வரும் ராத்திரி உங்களையும் எழுப்பச் சொல்லியிருக்கிறேன்.