2,800 கிலோ கேரவனை உங்கள் யூட் காட்டுப் பாதையில் இழுக்குமா?

மெல்பர்னில் வசிக்கும் வாசகர் ஒருவர், தமது நான்கு சக்கர இயக்க இரட்டைக் கேபின் யூட்டில் (பின்தொட்டியுள்ள பிக்கப் வண்டியில்) மனைவி, இரு பிள்ளைகளுடன் வரும் வறண்ட பருவத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலையில் பயணிக்கத் திட்டமிட்டிருக்கிறார். அதற்காக 2,800 கிலோ மொத்த எடையுள்ள, இரட்டை அச்சு ‘ஆஃப்ரோடு’ கேரவன் (வண்டியின் பின்னால் பூட்டி இழுக்கும் வீடு) ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறார். “உங்கள் வண்டி 3,500 கிலோ இழுக்கும், இது 2,800தான், இன்னும் 700 கிலோ மிச்சம் இருக்கிறது” என்கிறாராம் விற்பனையாளர். யூட்டின் பின்புறம் தாழ்ந்தால் ஏர்பேக் (வில்லுக்குத் துணையாக வைக்கும் காற்றுப்பை) பொருத்தித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். முன்பணம் கொடுக்கலாமா, மணலில் சிக்கினால் டோபாலில் (ட்ரெய்லரைப் பூட்டும் இரும்புக் குண்டில்) பட்டையை மாட்டி இழுக்கலாமா என்பவை வாசகரின் கேள்விகள்.

முன்பணம் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அந்த 700 கிலோ மிச்சம் விற்பனையாளரின் வாயில் மட்டுமே இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய விவரப்படி உங்கள் யூட்டின் வெற்று எடை 2,200 கிலோ. ஆட்கள், சாமான்கள் அனைத்தும் சேர்த்து வண்டி தாங்கக்கூடிய உச்ச எடை, அதாவது ஜிவிஎம், 3,200. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த உச்ச எடை, அதாவது ஜிசிஎம், 6,000. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடும் 3,500 கிலோவை நீங்கள் உண்மையிலேயே இழுத்தால் வண்டிக்கென எஞ்சுவது 2,500 கிலோதான். வெற்று எடை போக 300. உங்கள் நால்வரின் எடையே 240 என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 60 கிலோவில் இரும்பு புல்பாரைக்கூட (முன்புறப் பாதுகாப்புச் சட்டம்) மாட்ட முடியாது. இப்படிப்பட்ட எண்ணை விளம்பரப் பலகையில் எழுத அனுமதித்துவிட்டு, ஜிசிஎம்மைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் தேடவிடும் ஏற்பாட்டை எத்தனை ஆண்டுகளாகப் பார்த்தாலும் எனக்குச் சலிப்பு தீரவில்லை. இதில் சாதாரண கார் உரிமமே போதும், கூடுதல் தேர்வு எதுவும் கிடையாது என்பது வேறு.

இனி 2,800 கிலோவைப் பார்ப்போம். ட்ரெய்லரின் தகட்டில் ஏடிஎம் என்று இருப்பது (பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல) முழுச் சுமையுடன் அந்த ட்ரெய்லர் எட்டக்கூடிய உச்ச எடை. அதில் பத்தில் ஒரு பங்கு அளவு டோபாலின் மீது இறங்குவது வழக்கம். உங்களுக்கு 280 கிலோ. அந்த எடையை உங்கள் யூட் சுமக்கிறது, ஆகவே அது ஜிவிஎம்மில் சேரும். புல்பாரும் வின்ச்சும் (கம்பிவடம் சுற்றி இழுக்கும் கருவி) 100, கேனப்பியும் (பின்தொட்டி மூடி) இழுப்பறைகளும் 190, டோபாலைத் தாங்கும் டோபார் 35, குடும்பம் 240, குளிர்பெட்டி, தண்ணீர், கருவிகள் 140 என நீங்கள் கொடுத்த பட்டியலே 705 கிலோ. டோபாலின் 280ஐயும் கூட்டினால் வண்டி 3,185 ஆகிறது. வரம்புக்கு 15 கிலோ மிச்சம். பிள்ளைகளின் துணிப்பையோடு அதுவும் போய்விடும்.

அத்துடன் கதை முடியவில்லை. டோபால் பின் அச்சுக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. உங்கள் வண்டியின் இரு அச்சுகளுக்கு இடையே 3.2 மீட்டர். ஏற்றப்பலகையின் ஒரு முனையில் உட்கார்ந்தால் மறுமுனை எழுவதுபோல, அங்கே இறங்கும் 280 கிலோ பின் அச்சில் சுமார் 385 கிலோவாக அழுத்துகிறது. முன் அச்சிலிருந்து 105 கிலோவைத் தூக்கிவிடுகிறது. ஸ்டீயரிங் லேசாகிவிட்டது என்று பலர் மகிழ்ந்து சொல்வது இதைத்தான். உங்கள் பின் அச்சின் வரம்பு 1,850 கிலோ. என் தோராயக் கணக்கில் அது 1,870ஐத் தாண்டுகிறது. ஆக ஜிவிஎம்முக்குள் இருந்துகொண்டே பின் அச்சு வரம்பை மீறியிருப்பீர்கள்.

தார்ச்சாலையில் இது அபராதம், காப்பீட்டுத் தகராறு என்ற அளவில் நிற்கலாம். டெர்பிப் பக்கத்திலிருந்து கனனரா வரை சுமார் 660 கிலோமீட்டர் நீளும் கிப் ரிவர் சாலையில் பெரும்பகுதி நெளிதகரம்போல வரிவரியாக மேடிட்ட மண்தரை. அங்கே டோபாலில் இருப்பது அசையாத 280 கிலோ அல்ல. ஒவ்வொரு குழியிலும் மேலும் கீழும் அடிக்கும் சம்மட்டி. சாசி (வண்டியின் அடிச்சட்டம்) வளைந்து என் பட்டறைக்கு வந்த யூட்டுகளை நான் அளவுகோல் இல்லாமலே அடையாளம் கண்டுவிடுவேன். கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலே மூன்று விரல் அகலம் இருக்கும். கீழே நகம்கூட நுழையாது. அவற்றில் பலவற்றில் ஏர்பேக் இருந்தது.

ஆகவே ஏர்பேக் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் வண்டியின் பின்புறத்தில் இருப்பது பட்டை வில். அது சுமையைச் சாசியின் இரண்டு இடங்களில், அச்சுக்கு முன்னும் பின்னும், பகிர்ந்து கொடுக்கிறது. நடுவில் ஏர்பேக்கை வைத்துக் காற்றை ஏற்றியதும் சுமையின் பெரும்பகுதி அச்சுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் குவிகிறது. டோபால் பின்முனையை அழுத்த, அந்தப் புள்ளியை முட்டாகக் கொண்டு சாசி ஒடிகிறது. பின்புறம் நிமிர்ந்துவிட்டதைப் பார்த்து எடையும் குறைந்துவிட்டதாக நினைப்பதுதான் ஆபத்து. ஒரு கிலோகூடக் குறைந்திருக்காது. விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்லாவிட்டால் லேண்ட்குரூசர் 200, பேட்ரோல் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவற்றின் பின்புறத்தில் இருப்பது சுருள்வில். அங்கே ஏர்பேக் சுருளுக்கு உள்ளேயே உட்காரும். வில் ஏற்கெனவே சாசியை அழுத்தும் அதே இடத்தைத்தான் அதுவும் அழுத்துகிறது, புதிய முட்டு எதுவும் உருவாவதில்லை. ஆகவே அத்தகைய வண்டிகளில், தயாரிப்பாளர் சொன்ன காற்றழுத்தத்துக்குள், ஏர்பேக்கைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவற்றிலும் ஜிவிஎம் அப்படியேதான் இருக்கும், பின் அச்சு வரம்பும் அப்படியேதான் இருக்கும். உங்கள் யூட் அந்த வகையைச் சேர்ந்ததல்ல என்பதால் விற்பனையாளர் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

‘ஆஃப்ரோடு’ என்ற சொல்லுக்கும் மயங்காதீர்கள். ட்ரெய்லர் விஷயத்தில் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை இல்லை. ஒட்டுத்தாள் அச்சடிக்கத் தெரிந்த எவரும் ஒட்டலாம். உத்தரவாதத் தாளை வாங்கி வாசியுங்கள். மண்சாலைச் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற வரி அதே கேரவனின் தாளில் இருந்ததை நானே பலமுறை காட்டியிருக்கிறேன். சாதாரணக் குமிழ் ஹிட்ச் (ட்ரெய்லரைப் பூட்டும் இணைப்பு), வண்டி ஒரு பக்கமும் கேரவன் மறுபக்கமும் சாயும் ஓடைக் கடப்புகளில் இறுகிக்கொள்ளும். எல்லாத் திசையிலும் திரும்பும் ஹிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 2,000 கிலோவைத் தாண்டும் ட்ரெய்லரில் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். கழன்றுகொண்டால் தானாகவே பிடித்து 15 நிமிடமாவது நிறுத்தி வைக்கும் அமைப்பும் கட்டாயம். கடை முற்றத்திலேயே அதன் ஊசியை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கிப் ரிவர் சாலை ஓடும் கிம்பர்லி வட்டாரம் வரை போய் பர்னுலுலு தேசியப் பூங்காவைப் பார்க்காமல் திரும்ப மாட்டீர்கள். அதன் 53 கிலோமீட்டர் பாதையில் இரட்டை அச்சு ட்ரெய்லர்களுக்கு அனுமதி கிடையாது என்பதை விற்பனையாளர் சொன்னாரா?

கேரவனை வாங்கத்தான் வேண்டுமானால், தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, நீங்கள் எடுத்துச் செல்லும் சாமான்களோடு பொது எடைமேடைக்குக் கொண்டுபோவதை விற்பனை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுத வையுங்கள். தகட்டிலுள்ள வெற்று எடை, மேற்கூரை ஏசி, இரண்டாவது பேட்டரி போன்றவற்றை மாட்டுவதற்கு முன் எடுத்ததாக இருக்கலாம். மேடையில் முதலில் பூட்டிய நிலையில் யூட்டின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி எடை பாருங்கள். அது 3,200ஐத் தாண்டக் கூடாது. அடுத்துப் பின் அச்சை மட்டும் பாருங்கள். பிறகு கேரவனைக் கழற்றிவிட்டு யூட்டை மறுபடியும் நிறுத்துங்கள். முதல் எடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே டோபால் சுமை. இதற்கு மறுக்கும் கடையில் முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் குடும்பத்துக்கு 1,500 கிலோவை ஒட்டிய ஒற்றை அச்சு கேம்பர் ட்ரெய்லர் (கூடாரம் விரிக்கும் சிறு ட்ரெய்லர்) போதும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: டோபாலில் மீட்புப் பட்டையை ஒருபோதும் மாட்டாதீர்கள். அது தடையின்றி உருளும் சுமையை இழுப்பதற்கானது. மீட்பின் திடீர் வெட்டில் டோபாலின் கழுத்து ஒடிந்தால் அந்த இரும்புக் குண்டு கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு பறக்கும். ஆஸ்திரேலியாவில் இவ்வாறு உயிர்கள் போயிருக்கின்றன. எடைத்திறன் பொறித்த மீட்புக் கொக்கிகளையே பயன்படுத்துங்கள். அதற்கும் முன்பாக, மணலில் இறங்கும்போதே யூட்டின் டயர்களோடு ட்ரெய்லரின் டயர்களையும் 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். ட்ரெய்லரை மறந்துவிடுவோர்தான் அதிகம். அப்படியும் சிக்கினால் மண்வாரியால் மணலை விலக்கி, ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு யூட்டை மட்டும் முதலில் வெளியே எடுங்கள்; பிறகு கெட்டியான தரையில் நின்றுகொண்டு ட்ரெய்லரை வின்ச்சால் இழுத்துக்கொள்ளலாம்.