சாம்பலை ஊதினால் அடுப்பு எரியுமா?

கேள்வி: தண்ணீரில் கார் ஓட்டிய அமெரிக்கர் ஸ்டான்லி மேயரை பெட்ரோல் கம்பெனிகள் விஷம் வைத்துக் கொன்றுவிட்டதாக வாட்ஸப்பில் வந்ததே, உண்மையா? (வாசகர், தேனி)

பதில்: மேயர் 1998ல் ஒஹையோ மாநிலத்தில் ஓட்டலுக்குச் சாப்பிடப் போன இடத்தில் சுருண்டு விழுந்து இறந்தார். மூளை ரத்தக்குழாய்க் கோளாறு என்றது பிரேதப் பரிசோதனை. விஷக் கதை அவ்வளவுதான். ஆனால் அதற்கு 2 வருஷம் முன்னால் நடந்ததை அந்த மெசேஜில் காணோம் பாருங்கள். பணம் போட்ட இருவர் கோர்ட்டுக்குப் போக, தண்ணீரைப் பிரிக்க அவர் வைத்திருந்த 'செல்' என்ற கருவியைப் பார்த்த நிபுணர்கள் இது பள்ளிக்கூட லேபில் மின்சாரம் விட்டுத் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிற மின்பகுப்புதான், புதிதாக ஒன்றுமே இல்லை என்றார்கள். கோர்ட்டும் அப்பட்டமான மோசடி என்று சொல்லி 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. (நம்மூர் ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் அமர்க்களமும் அதே 1996தான். என்ன ராசியோ!)

தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன், அதாவது சாம்பல். ஒரு லிட்டரைப் பிரிக்கச் சுமார் நாலரை யூனிட் சக்தி வேண்டும், பிரித்ததை எரித்தால் திரும்பி வருவதும் அதே நாலரைதான், அதிலும் பெரும்பகுதியை இன்ஜின் சூடாகவே வெளியே விட்டுவிடும், சக்கரத்துக்கு ஒன்றரை யூனிட் தேறினால் பெரிது. அப்புறம் அந்த ஒன்றரையை வைத்து அடுத்த லிட்டரை எப்படிப் பிரிப்பது?

படித்தவர்களும் ஏமாறுவார்கள். 2012ல் பாகிஸ்தானில் ஆகா வகார் அகமது என்பவர் 'வாட்டர் கிட்' காரோடு வந்தபோது டி.வி.க்காரர்களும் மந்திரியும் கொண்டாடினார்கள்; அணுகுண்டு விஞ்ஞானி அப்துல் கதீர் கானே இதில் மோசடி இல்லை என்றார். இயற்பியல் பேராசிரியர் பர்வேஸ் ஹூட்பாய்தான் விடாமல் எதிர்த்தார்.

கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்றால், மேயரின் காப்புரிமைகள் காலாவதியாகிப் பல வருஷம் ஆகிறதே, யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துச் செய்யலாமே, எண்ணெய்க் கிணறு அதிகம் இல்லாத ஜப்பான்காரன் ஏன் இன்னும் கப்பல் கப்பலாக எண்ணெய் வாங்குகிறான்?

யாராவது உங்கள் முன்னால் பாட்டிலில் குமிழி விட்டு, 'பார், எரிகிறது' என்று காட்டினால், எரிவதைப் பார்க்காதீர்கள், பாட்டிலுக்குப் போகிற ஒயரைப் பாருங்கள். அதை பேட்டரியிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். ஒயரே இல்லையென்றால் உள்ளே கார்பைட் கல் (தண்ணீர் பட்டால் எரியும் வாயு விடும்) மாதிரி ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, பர்ஸை உள்ளே வையுங்கள்.