பையன் பிட்காயினில் பணம் போடவில்லை, அம்மா

வணக்கம் அம்மா. ப்ளஸ் டூ படிக்கிற பையன் நடுராத்திரியில் பிட்காயின் மென்பொருளை டவுன்லோடு செய்துகொண்டிருந்தால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். நேற்று அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, செய்வதைக் காட்டச் சொன்னேன். அவன் எதையும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. இறக்கிய ஃபைல் அசல்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இது வெட்டி வேலை இல்லை. 2019 நவம்பரில் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தின் சொந்தத் தளத்திலேயே யாரோ புகுந்து, பணத்தைத் திருடும் போலி வாலட்டை, அதாவது நாணயத்தைக் கையாளும் மென்பொருளை, வைத்துவிட்டார்கள். ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி, ஃபைல் கொஞ்சம் மாறினாலும் அது மாறிவிடும். இறக்கிய ஃபைலின் ஹாஷ், தளத்தில் கொடுத்திருந்த ஹாஷோடு பொருந்தவில்லை என்று ஒரு பயனர் கவனித்ததால்தான் அது வெளியே வந்தது.

"தளத்துக்குள் புகுந்தவன் ஹாஷையும் மாற்றிவிட்டால்?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் சார் கையெழுத்து" என்றான். அவன் இறக்கிய மென்பொருளான பிட்காயின் கோரின் ஹாஷ் பட்டியலில் டெவலப்பர்கள் பலர் தனித்தனியே டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிறார்கள். அவன் அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஜிபிஜி கட்டளையைத் தட்டியதும் 'குட் சிக்னேச்சர்' என்று வந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவன் அதற்குக் கீழே இருந்த எச்சரிக்கையில் விரலை வைத்தான்: கையெழுத்துக்குப் பயன்பட்ட இந்த டிஜிட்டல் சாவி அந்த டெவலப்பருடையதுதான் என்பதற்கு அறிகுறி இல்லை. அப்புறம் அந்தச் சாவியின் 40 எழுத்து அடையாளத்தை வேறு இரண்டு இடங்களிலிருந்து எடுத்து, நாலு நாலு எழுத்தாக வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டான். இந்தப் பொறுமையைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது, அம்மா.

இதற்கு வேலை உண்டு. மென்பொருள் எங்கிருந்து வந்தது, வழியில் யாராவது கை வைத்தார்களா என்று காவல் காப்பதை சப்ளை செயின் செக்யூரிட்டி என்பார்கள். கிரிப்டோவோடு அது நிற்பதில்லை. 2024இல் லினக்ஸின் எக்ஸ்இஸட் கருவியில் ஒளித்துவைத்த பின்கதவு, அதாவது திருட்டுத்தனமாக நுழையும் வழி, பிடிபட்டதே, அதுவும் இதே துறைதான்.

கம்ப்யூட்டர் சயின்ஸோ ஐடியோ, எது கிடைத்தாலும் சேருங்கள். லினக்ஸ், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், சி++ நிரல்மொழி மூன்றையும் அவன் விடக்கூடாது. பிட்காயின் கோரின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் தன் கணினியில் பில்டு செய்து, அதாவது ஓடக்கூடிய ஃபைலாக மாற்றி, வெளியான ஃபைலோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தன் கையெழுத்தோடு பதியலாம். முதல் வருடமே அவன் அதைச் செய்யட்டும். 18 வயது ஆனதும், திறமூல மென்பொருளில் பங்களிக்க வைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு உதவும்.

பணம் மட்டும் ஒரு ரூபாய்கூட வேண்டாம். இதைக் கற்க அது தேவையே இல்லை. பொதுத்தேர்வு வரை ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பை மூடச் சொல்லியிருக்கிறேன், ஒப்புக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை அவன் அப்பாவையும் அழைத்து வாருங்கள், அவரிடமும் செய்து காட்டச் சொல்கிறேன்.