பையன் லேப்டாப்புக்கு எந்த ஆன்டிவைரஸ்?

கேள்வி: என் மகன் ஊட்டியில் பி.காம். முதலாண்டு படிக்கிறான். 18,000 ரூபாய்க்குப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். விற்ற கடைக்காரர், "இலவச ஆன்டிவைரஸ் எதையும் நம்பாதீங்க, 1,500 ரூபாய்க்கு நானே போட்டுத் தர்றேன்" என்கிறார். இலவசத்தில் நல்லது எதுவும் இல்லையா? - ஒரு தாய், கோத்தகிரி.

பதில்: அந்த 1,500 ரூபாயில் பையனுக்கு ஒரு ஜெர்கின் வாங்கிக் கொடுங்கள். நீங்கள் தேடுவது லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. காசு கிடையாது, வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டாம். படிக்கிற பிள்ளைக்கு அது போதும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தட்டினால் ஒரு கேடயப் படம் வரும். அதில் பச்சை டிக் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால், முன்பு யாரோ போட்ட காலாவதியான ட்ரையல் ஆன்டிவைரஸ் அங்கே குந்தியிருக்கலாம். இன்னொன்று இருந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். அந்தப் பழையதை அன்-இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் போட்டால் டிஃபெண்டர் திரும்பிவிடும்.

கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று கணினிக்கான ஒரே பேக்கை வாங்கி, மூன்று பேரிடம் தனித்தனியாக முழு விலை வாங்குவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. அதையாவது மன்னிக்கலாம். திருட்டு விண்டோஸ் போடுகிறார்களே, அதை மன்னிக்க முடியாது. திருட்டு விண்டோஸை ஒரிஜினல் போலக் காட்டும் 'ஆக்டிவேட்டர்' ஓட வேண்டுமென்றால் முதலில் டிஃபெண்டரின் கண்ணைக் கட்ட வேண்டும். குன்னூரில் என் மேசைக்கு வந்த ஒரு மாணவியின் லேப்டாப்பில் பச்சை டிக் பளிச்சென்று இருந்தது. ஆனால் உள்ளே 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்தால், ஒரே ஒரு வரி: சி டிரைவ். அதாவது, முழு சி டிரைவையும் பார்க்காதே என்று டிஃபெண்டருக்கே உத்தரவு. விற்றவர் செய்த கைங்கரியம். டிக்கை மட்டும் நம்பாதீர்கள் என்பது இதனால்தான்.

பையனைப் பார்க்கச் சொல்லுங்கள்: விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். அது காலியாக இருக்க வேண்டும். அப்புறம் செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கம். வீட்டு லேப்டாப்பில் ஏதோ நிறுவனத்தின் சேவை மூலம் ஆக்டிவேட் ஆனதாக எழுதியிருந்தால், கடைக்காரரிடம் ஒரிஜினல் விண்டோஸ் கேட்டு வாங்குங்கள். தயங்க வேண்டாம், காசு கொடுத்திருக்கிறீர்கள்.

டிஃபெண்டர் போதும் என்றேனே, அதற்கு ஒரு விலக்கு உண்டு. பழைய லேப்டாப் என்பதால் இது உங்களுக்கு முக்கியம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. டிஃபெண்டருக்குப் புது வைரஸ்களின் அடையாளம் 2028 அக்டோபர் வரை வரும். சரி, அப்படியானால் என்ன கவலை என்பீர்கள். கோத்தகிரிக்காரர் நீங்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: சமையலறை ஜன்னல் உடைந்து கிடக்கும்போது வாசலில் நாயைக் கட்டினால் கரடி வராமலா போகும்? டிஃபெண்டர் நாய், அப்டேட் ஜன்னல். அதனால் விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று பாருங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். முடியாதென்றால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாதுகாப்பு அப்டேட்டுகளின் நீட்டிப்புக்குப் பதிவு செய்யலாம். அது 2026 அக்டோபர் 13 வரைதான். அதற்கு மேலும் ஓட்ட வேண்டுமென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுவிடுவது நல்லது. ஏழாம் தலைமுறை லேப்டாப்பை 18,000-க்கு விற்றிருந்தால் அது தனி வழக்கு.

வேறு இலவச ஆன்டிவைரஸ்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் வாங்கு, வாங்கு என்று நச்சரிக்கும். 2024-இல் அவாஸ்ட் நிறுவனத்தை, பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்றதாகச் சொல்லி, அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

பையனின் லேப்டாப்புக்கு வைரஸ் வருவதானால் பெரும்பாலும் பென் டிரைவில்தான் வரும். அசைன்மென்ட்டை மெயிலில் வாங்கிக்கொள்ளக் கூடாதா? கல்லூரியில் 'பென் டிரைவில் கொண்டு வா' என்பார்கள், அதை யாரும் அப்டேட் செய்யாத லேப் கணினியில் செருகுவார்கள், அடுத்து ஜெராக்ஸ் கடை. திரும்பி வரும்போது ஃபோல்டர்கள் எல்லாம் மூலையில் சிறு அம்புக்குறியோடு ஒன்றிரண்டு கேபி அளவில் நிற்கும். அவை வைரஸ் வைத்த போலிகள், இரண்டு முறை தட்டித் திறந்துவிடக் கூடாது. உண்மையான ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டுத்தான் இருக்கும். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுத்துவிட்டு, அப்புறம் திறக்கட்டும்.