திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளும் இடம்

"திருநீற்றுப்பச்சிலை தொட்டியில் முளைக்கிறது, ஆனால் ஒற்றைக் குச்சியாக உயர்ந்து, சீக்கிரமே பூத்து, இலை சிறுத்துக் காய்ந்துவிடுகிறது, எப்படி வளர்த்து எப்படிப் பறிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். காட்பாடியில் எங்கள் மாடியில் சில ஆண்டுகளாக இதை வளர்த்து வருகிறேன். உங்கள் செடியின் குறை உரத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, பறிக்கும் முறையில்தான் இருக்கிறது.

முதல் ஆண்டு நானும் அடியில் இருந்த பெரிய இலைகளை மட்டும் பறித்துவந்தேன்; நுனியைத் தொட மனம் வரவில்லை. பெரிய இலைகளை இழந்துவிட்டு நுனி மட்டும் வளர்ந்த செடி, கிளைக்காமல் பூவுக்குப் போய்விட்டது. தண்டை அருகில் பார்த்தால், எதிரெதிராக நிற்கும் ஒவ்வொரு இலை ஜோடியின் கக்கத்திலும் கடுகளவுக்கு இரண்டு துளிர்கள் காத்திருப்பது தெரியும். செடி ஒரு சாண் உயர்ந்ததும், கீழே இரண்டு மூன்று ஜோடி இலைகளை விட்டு, அந்தக் கக்கத்துக்குச் சற்று மேலே தண்டைக் கிள்ளிவிட்டால், இரண்டு துளிர்களும் இரண்டு கிளைகளாகும். அவற்றையும் அதேபோல் கிள்ளினால் நான்காகும். ஒரே சமயத்தில் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவேண்டாம். வெயில் ஏறுமுன் காலையில் பறித்த இலைக்குத்தான் மணம் நிறைவாக இருக்கிறது.

விதைக்க ஆடிப்பட்டமே நம் ஊருக்குப் பொருத்தம். கடையில் வாங்கும் சப்ஜா விதை இந்தச் செடியின் விதைதான்; ஈரக்கையால் தொட்டால் வழவழவென்று வெள்ளைப் படலம் கட்டி விரலிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால், காய்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை மட்டும் இடவேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். தண்ணீர் வேரில் ஊற்றுங்கள். தொட்டியின் அடியில் துளை அவசியம். எங்கள் போர் தண்ணீர் உப்பு; மண்ணின் மேல் வெள்ளை படிவதைக் கண்டால், மழைநீரைப் பிடித்து, அடித்துளை வழியே நன்றாக வடியும்வரை ஊற்றிவிடுவேன். மாவுப்பூச்சி வந்தால் அந்த நுனியை வெட்டி எறிவதே போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆவணிக் கடைசியிலிருந்து மார்கழி வரை பூங்கதிர் தலைகாட்டும்போதெல்லாம் கிள்ளிவிட்டு இலையை எடுத்துக்கொள்கிறேன். தை பிறந்ததும் கிள்ளுவதை அடியோடு நிறுத்திவிடுவேன். அதன்பின் செடி முழுக்கப் பூவும் தேனீயுமாக இருப்பதைப் பார்ப்பதே ஒரு நிறைவு. கதிர் பழுப்பேறிக் காய்ந்ததும் அறுத்து, நிழலில் உலர்த்தி, உள்ளங்கையில் கசக்கி முறத்தில் புடைத்தால் கருவிதை தங்கும். அதில் ஒரு பிடியை அடுத்த ஆடிக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைச் சித்திரை வெயில் காலத்தில் தண்ணீரில் ஊறவைத்து, நன்னாரி சர்பத்தில் போட்டுக் குடிக்கிறோம்.