அப்பா இறந்த பிறகு எப்படி நிரூபிப்பது?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. அவள் அப்பாவும் நானும் முறைப்படி திருமணம் செய்துகொள்ளவில்லை. பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இல்லை. போன மாதம் விபத்தில் இறந்துவிட்டார். தகப்பனை இழந்த குழந்தைக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு மனு போட்டேன். "அவர்தான் தகப்பன் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. அவருடைய அம்மா மட்டும் எப்போதாவது போன் செய்து பேத்தியின் குரலைக் கேட்பார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்த மறுப்புக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு இருந்தால் அதில்தான் இருக்கும். ஆதாரம் முழுக்கக் கிடைக்கட்டும் என்று காத்திருந்து அந்தத் தேதியைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மேல்முறையீட்டை இப்போதே போட்டுவிடுங்கள். "ஆதாரம் திரட்டி வருகிறேன், அவகாசம் வேண்டும்" என்று எழுதினால் போதும்.

அப்புறம் வீட்டில் தேடுங்கள். மருத்துவமனையில் 'தந்தை' என்று அவர் கையெழுத்துப் போட்ட படிவம், மகளுக்கென்று பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், 'நம்ம பொண்ணு' என்று அவர் அனுப்பிய குறுஞ்செய்தி, எல்லாமே ஆதாரம்தான். போனை மாற்றிவிடாதீர்கள். செய்தியில் அவருடைய எண்ணும் தேதியும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

அவர் விபத்தில் இறந்ததால் பிரேதப் பரிசோதனை நடந்திருக்கலாம். அதில் எடுத்த ரத்த மாதிரியை வெகுகாலம் வைத்திருக்க மாட்டார்கள். அதை அழிக்க வேண்டாம் என்று இன்றைக்கே எழுதிக் கொடுத்து, பெற்றதற்கு ஒப்புதல் வாங்குங்கள். அவருக்கு எப்போதாவது சதை எடுத்துப் பரிசோதனை செய்திருந்தால், அந்தத் துணுக்கு மெழுகில் பதிந்து மருத்துவமனையில் இன்னும் இருக்கக்கூடும். அதிலிருந்தும் டிஎன்ஏ எடுக்கலாம்.

எதுவுமே கிடைக்காவிட்டால்? பாட்டி இருக்கிறாரே! டிஎன்ஏவைச் சுமக்கும் இழைக்குக் குரோமோசோம் என்று பெயர். ஓர் ஆணிடம் எக்ஸ் என்ற வகைக் குரோமோசோம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அவன் அம்மா கொடுத்தது. அதை அவன் மகளுக்கு அநேகமாக அப்படியே கொடுக்கிறான். ஆக, உங்கள் மகள் அப்பாவிடமிருந்து பெற்ற எக்ஸில் இருக்கும் அடையாளங்கள் பாட்டியிடமும் இருக்க வேண்டும். அரிதாக ஒன்று மாறியிருக்கலாம், பல மாறியிருக்காது. பேரனாக இருந்தால் இந்த வழி உதவாது. தாத்தா அல்லது சித்தப்பாவின் ஒய் குரோமோசோமைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாட்டியின் சோதனை, குழந்தை 'அவருடைய மகன்களில் ஒருவரின் மகள்' என்றுதான் சொல்லும். எந்த மகன் என்பதை நீங்கள் திரட்டிய காகிதங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும்.

தகப்பன் இல்லாமலே உறவை நிரூபிப்பது புதிதல்ல. 1985-இல் இங்கிலாந்தில் கானாவிலிருந்து வந்த ஒரு சிறுவனின் குடியேற்ற வழக்கில், லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மரபணு ஆய்வாளர் அலெக் ஜெஃப்ரிஸ் இதைச் செய்தார். அவன் அந்தத் தாயின் மகன்தானா என்பதே அங்கே கேள்வி. தகப்பனின் ரத்தம் கிடைக்கவில்லை. தாயையும், பெற்றோர் யார் என்பதில் சந்தேகமில்லாத அவருடைய மற்ற மூன்று பிள்ளைகளையும் சோதித்து, தகப்பனின் அடையாளங்களை அவர்களிடமிருந்தே கணித்தார். சிறுவன் தாயோடு தங்கினான்.

கடையில் கிட் வாங்கி வீட்டிலேயே எடுக்கும் மாதிரியை நம்பாதீர்கள். அது யாருடையது என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் இருக்காது. அலுவலகம் ஏற்கும் ஆய்வகம் எது என்று முன்கூட்டியே கேளுங்கள். அங்கே அடையாள அட்டையைச் சரிபார்த்து, சாட்சி முன்னிலையில் எடுப்பார்கள். பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை அரை நிமிடம் தேய்ப்பார்கள், அவ்வளவுதான். ஊசி கிடையாது. வயதானவர்கள் அதற்குத்தான் பயப்படுகிறார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாட்டியிடம் பணப் பேச்சோடு ஆரம்பிக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் கதவு மூடியது. அடுத்த முறை அவர் போன் செய்யும்போது குழந்தையைப் பேசவிடுங்கள். அதற்கப்புறம், "உங்கள் மகன் பெயர் இவள் சான்றிதழில் வர வேண்டும், நீங்கள் உதவ முடியுமா?" என்று கேளுங்கள்.