மெனியர் நோய்க்கு மாத்திரையைத் தொடர்வதா, சித்த மருத்துவத்துக்கு மாறுவதா?

கிருஷ்ணகிரியில் இருக்கும் தங்கள் தாயாருக்கு மெனியர் நோய் என்று காது மருத்துவர் கூறியிருப்பதாகவும், மாத்திரையைத் தொடர்வதா, சித்த மருத்துவத்துக்கு மாறுவதா என்று வீட்டில் வாதம் நடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன்; தருமபுரியில் ஒன்பது ஆண்டுகளாக இந்நோயோடு வாழ்பவன்.

காதடைப்பு, இரைச்சல், ஏறி இறங்கும் கேள்திறன், 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீளும் சுழற்றல் ஆகியவற்றோடு வரும் இந்த உட்காது நோய், எந்த மருந்தும் இல்லாமலே சில மாதங்கள் அடங்கிக் கிடக்கும். அடங்குவதற்கு முன் கடைசியாக எதைச் சாப்பிட்டோமோ அதற்கே பெயர் கிடைத்துவிடும். முதல் ஓராண்டு நான் இதைப் பித்தம் என்றே நம்பிச் சுக்குக் கஷாயம் குடித்தேன். குமட்டல் சற்றுத் தணிந்தது உண்மை. காது இரைச்சல் தணியவில்லை. பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயையும் காதில் விட்டுக்கொண்டேன். செவிப்பறை ஓட்டையின்றி இருக்கும்வரை எண்ணெய் உட்காதை எட்டாது என்பது, காதில் பூஞ்சை பிடித்து மருத்துவரிடம் போன பிறகே எனக்குத் தெரிந்தது.

ஆங்கில மருத்துவத்திலும் எல்லாம் உறுதி என்று எண்ண வேண்டாம். பெரும்பாலானோருக்கு எழுதித் தரப்படும் பீட்டாஹிஸ்டின் மாத்திரையை ஜெர்மனியில் 221 பேரிடம் ஒன்பது மாதம் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து உண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் சுழற்றல் ஒரே அளவில் குறைந்திருந்தது. நடுச்செவியில் போடும் ஊசிகளின் நிலை வேறு: அதே ஆண்டு இங்கிலாந்தில் 60 பேரிடம் ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியையும் ஸ்டீராய்டையும் ஒப்பிட்டபோது, இரண்டிலுமே சுழற்றல் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தது. ஆனால் மருந்தில்லாத வெற்று ஊசி போட்ட குழு அதில் இல்லை; எனவே குறைந்தது மருந்தாலேயா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஜென்டாமைசின் கேள்திறனைப் பாதிக்கவும் கூடும்.

உப்பைக் குறைப்பதற்கும் வலுவான சான்று கிடையாது. செலவும் கெடுதலும் இல்லாததால் நான் கடைப்பிடிக்கிறேன். களியில் உப்பைக் குறைப்பது எளிது. மாங்காய்ப் பருவத்தில் ஊறுகாயை விடுவதுதான் நம் பக்கத்தில் பெரும்பாடு.

எனவே மருத்துவ முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்குங்கள். சுழற்றல் வந்த நாள், நேர அளவு, அன்று புதிதாகச் சேர்த்த மருந்து ஆகியவற்றை ஆறு மாதம் எழுதினால், எது உதவியது என்பது ஓரளவு புலப்படும். சித்த மருந்து தருவதானால், தாயார் ஏற்கெனவே இரத்த அழுத்த மாத்திரைகள் உண்டால் அவற்றின் பெயர்களை அம்மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் தலைசுற்றல் மாத்திரைகளை மாதக்கணக்கில் கொடுக்காதீர்கள். புரோகுளோர்பெரசின், சின்னரசின் போன்றவை வயதானவர்களுக்குக் கைநடுக்கத்தையும் உடல் விறைப்பையும் வரவழைக்கக்கூடும்.

ஒரு காது திடீரெனக் கேளாமற்போனாலோ, சுழற்றலோடு பேச்சுக் குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ நோட்டையெல்லாம் தேடிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.